எந்தக் கோடு நல்லா இருக்கு, அப்பா?

“ஹலோ… ஆமா, ஆமா, நான்தான் கூப்பிடச் சொன்னேன்… இல்லப்பா, ரொம்ப நேரம் ஆகாது. ரெண்டு லைப்ரரில எந்தக் கோடு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். மேனேஜர் கதவுக்கு வெளியிலயே நிக்கிறார்.”

மேஜையில் அவன் முன்னால் இரண்டு கைபேசிகள் கிடந்தன. இரண்டிலும் ஒரே செயலி. இதயம் பலவீனமானவர்கள் தினமும் எடை பார்த்துப் பதிவதற்கானது. ஒன்றில் எடைக்கோடு காற்றில்லாத ஏரி போலக் கிடந்தது. மற்றதில் அதே எடை மலையும் பள்ளமுமாக எகிறியது. எதை வைப்பது என்று இன்று முடிவாக வேண்டும். சோதித்துப் பார்க்கக் கொடுத்தவர்களில் அவன் அப்பாவும் ஒருவர். சாலை போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். போன வருஷம் இதயம் படுத்தி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர்.

“லைப்ரரின்னா… கோடு வரையற வேலையை நாங்களே எழுத மாட்டோம்ப்பா. யாரோ எழுதி வச்சதை எடுத்து மாட்டுவோம். வீடு கட்டறவர் ஜன்னலை வெளியில வாங்கி மாட்டற மாதிரி… ஆமா… ஆமா, கண்ணாடி சரியில்லன்னா வெளிய நிக்கிறவன் மூஞ்சி கோணும். அதேதான். எங்க ஆபீஸ்ல உங்களை வேலைக்கு எடுத்திருக்கலாம்.”

சிரித்தான். யாருக்காவது எதையாவது விளக்கக் கிடைத்தால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“முதல்ல கொடுத்தது, அந்த மலையும் பள்ளமும்… தெரியும், பாத்தாலே பகீர்னு இருக்குன்னீங்க. நீங்க மட்டுமில்ல, கால் கிலோ ஏறினாலே எல்லாரும் நர்ஸுக்குப் போன் போட்டு உயிரை எடுத்துட்டாங்க. அதான் ரெண்டாவதை மாத்தி வச்சேன்… என்னது, ரோடு மாதிரியா… சரி சரி. உங்க வாயால மட்டமா இருக்குன்னு கேக்கறதே பெருசு. அப்ப ரெண்டாவதையே…”

பாதியில் நிறுத்தினான்.

“இருங்க. ஏன் விட்டு விட்டுப் பேசறீங்க?… மாடி ஏறினீங்களா… ஹால்லதான் உக்காந்திருக்கீங்களா. எப்பலேருந்து இப்படி?… ஆமா, வயசுதான், வயசு முந்தாநாள்தான் ஆச்சாக்கும்… தலகாணி ரெண்டு வச்சாத்தான் தூக்கம் வருதா. செருப்பு?… இறுக்குதா. சரி. இன்னிக்கு எடை எவ்வளவு?… கோடு நேரா இருக்கறது தெரியும்ப்பா, எண்ணைச் சொல்லுங்க. கோட்டோட கடைசில விரலை வச்சா வரும்… என்னைக் காதுலேருந்து எடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க… அப்பா? அப்பா, கேக்குதா? மியூட்டைத் தொட்டுட்டீங்க. அந்த மைக் படத்தை மறுபடி தொடுங்க… ஆங், வந்துட்டீங்க. சொல்லுங்க.”

கேட்டதை அவன் திருப்பிச் சொன்னான்.

“எழுபத்து நாலரை.”

நாற்காலியை விட்டு எழுந்தான்.

“போன வாரம் எழுபத்தொண்ணுன்னுதானே சொன்னீங்க… உடம்பு தேறலப்பா. இல்ல, அம்மா ஊர்ல இல்லாததால நல்லா சாப்பிடறீங்கன்னு இல்ல… அது சதை இல்ல, தண்ணி. இதயம் முழுசாத் தள்ள முடியாம காலுலயும் நுரையீரல்லயும் தேங்குது. அதான் மூச்சு இழுக்குது. சட்டுனு எடை ஏறினா அன்னிக்கே வரணும்னு டாக்டர் சொன்னாரே… அதுக்குத்தானே இந்த ஆப்பே.”

இந்தத் தடவை எதிர்முனை நீளமாகப் பேசியது. ஒவ்வொரு இடைவெளியிலும் மூச்சு வாங்கியது.

“கோடு பொய் சொல்லலப்பா. அது பூஜ்ஜியத்துலேருந்து நூறு வரைக்கும் ஒரு சுவரைக் கட்டிட்டு, அதுல உங்க எடையைக் குறிக்குது. அவ்வளவு பெரிய சுவர்ல மூணரை கிலோ எங்க தெரியும்? முதல்ல கொடுத்தது கிட்டப் போய், நீங்க ஏறி இறங்கின இடத்தை மட்டும் காட்டும்… மாத்த முடியாது, எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கார். நீங்க போட்ட ரோடு தூரத்துலேருந்து பாத்தா மட்டமாத்தானே தெரியும், பள்ளம் எங்கன்னு… ஆமா. மழை பெஞ்சாத்தான் தெரியும். இப்ப மழை பெஞ்சிடுச்சுப்பா.”

“நாளைக்கு வேணாம், இப்பவே… அம்மா ராத்திரிதான் வருவாங்க, அதுவரைக்கும்… நான் செஞ்சதுன்னா தப்பா இருக்காதா? யார் சொன்னா? பக்கத்து வீட்டுலயெல்லாம் காட்டினீங்களா… ஐயோ அப்பா… எடை ஏறினது எனக்குத் தெரியாதுப்பா. உங்க எடை உங்க போனைத் தாண்டி வராது. யாரும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு நாங்கதான் பூட்டி வச்சோம். என்னையும் சேத்துப் பூட்டிட்டோம்.”

மேனேஜர் கதவுக் கண்ணாடியைத் தட்டினார். ஒரு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு விரலை. எது என்று புருவத்தை உயர்த்தினார். அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். கிளம்பினால் அப்பாவிடம் போய்ச் சேர இருட்டிவிடும்.

“சரி, சண்டை வேணாம். நாளைக்கே போங்க. எனக்காக ஒண்ணு மட்டும். ஆப்பை மூடுங்க…”

கோட்டை மாற்றும் சாவி மட்டும் அவன் கையில் இருந்தது. மடிக்கணினியில் அப்பாவின் பெயரைத் தேடிப் பிடித்து, இரண்டாவது என்றிருந்ததை முதலாவதாக்கினான்.

“இப்ப மறுபடி திறங்க… சும்மாதான். திறந்தாச்சா?”

“அப்பா?”

“…அதே எடைதான். நான் எதையும் கூட்டல… பயமுறுத்தல.”

“…ஆமா. பயமுறுத்தத்தான் மாத்தினேன். வேற எதுவும் எனக்கு இங்கேருந்து செய்ய வரலப்பா.”

செங்குத்தாக ஏறும் அந்தக் கோட்டை அப்பா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாழ்க்கை முழுக்கச் சாலை போட்டவர். ஏற்றம் எவ்வளவு என்று கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவர்.

“ம்… ம்… எதிர்வீட்டு டிரைவர் இருப்பாரா? அவர் வண்டியிலயே இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நான் அவருக்குப் பண்றேன்… நம்பர் உங்ககிட்டதான் இருக்கா. நடந்து போகாதீங்க, போன் பண்ணி வரச் சொல்லுங்க… இல்ல, கட் பண்ண வேணாம், லைன்லயே இருங்க. பேச வேணாம், சும்மா இருங்க, நான் கேட்டுட்டே…”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“…ஆமா. நான் வச்சாத்தான் நீங்க அவருக்குப் பண்ண முடியும். தெரியுது… நீங்களே வச்சிடுங்களேன். சிவப்பா ஒரு பட்டன் இருக்கும்… காணோமா. ஆப் மறைச்சிட்டிருக்கும்… சரி. நானே வைக்கறேன். உடனே அவருக்குப் பண்ணணும், என்ன?… ஆமா, வைக்கறேன்… வச்சிட்டேன்.”

வைக்கவில்லை. ஒரு மூச்சு உள்ளே போவது கேட்டது. அது வெளியே வரும்வரை காத்திருந்து, பொத்தானை அழுத்தினான்.