வேறொரு காரின் புகை

பெயர் அனுபமா, வயது நாற்பத்து நான்கு, தந்தை பெயர் காலஞ்சென்ற ராஜகோபால், வசிப்பது ஹப்சிகுடா. பி.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன். வீட்டுக்கு அருகில் ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் இருக்கும் வாகனப் புகைப் பரிசோதனை மையத்தில் வேலை செய்கிறேன். மையத்தின் உரிமம் என் தம்பி பிரசன்னாவின் பெயரில் உள்ளது. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது என்பதால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

கடந்த திங்கட்கிழமை காலை மையத்தைத் திறந்ததும் முதலில் கருவியைச் சரிபார்த்தேன். புரொப்பேனும் கார்பன் மோனாக்சைடும் அளவாகக் கலந்த சிலிண்டரைத் திறந்து, கருவி அதே அளவைக் காட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கம். அன்று சரியாகவே காட்டியது. அதன் பிறகு டிரைவர் ஆண்டனி, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தான் ஓட்டும் பள்ளி வேனைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார். நிறுத்தும்போதே எரியாத பெட்ரோலின் வாடை அடித்தது. சோதனைக் குழலைப் புகைக்குழாயில் செருகியதும் கார்பன் மோனாக்சைடு நான்கு சதவீதத்தைத் தாண்டியது. அனுமதி அரை சதவீதம். பெட்ரோலில் உள்ள ஆல்கேன்கள் முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். காற்று போதாமல் எரிந்தால் இந்த வாயு வரும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இதை மாற்றி வெளியே விடத்தான் புகைக்குழாயில் கன்வெர்ட்டர் வைக்கிறார்கள்.

"ஓனர் அதைக் கழட்டி வித்துட்டாரு மேடம். உள்ள பிளாட்டினம் இருக்காம். வெறும் பைப்பை வெச்சு வெல்டிங் அடிச்சிருக்கு. கேட்டா, நீ ஸ்டீரிங்கைப் பிடி, சயின்ஸ் நக்கோ, அதெல்லாம் உனக்கு வேணாங்கறாரு" என்றார் ஆண்டனி. ஓனர் பெயர் சாய்குமார். குனிந்து பார்த்தேன். வெல்டிங் விட்டு, இருக்கைகளுக்கு அடியில் புகை கசிந்துகொண்டிருந்தது. சான்றிதழ் தர முடியாது, சரிசெய்யாமல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்றேன். ஆண்டனி அதை என் எதிரிலேயே போனில் ஓனருக்குச் சொன்னார். அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

அதன் பிறகு பிரசன்னாவை மையத்தில் உட்காரவைத்துவிட்டு அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாலையில், மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்த அந்த வேனில் பிள்ளைகள் வாந்தி எடுத்து மயங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தேன், உள்ளே போக முடியாமல் பங்க்குக்குத் திரும்பினேன், மறுபடியும் போனேன். மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஹம்சாவுக்கு இன்னும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா வாசலில் நின்று, பிள்ளையின் டிபன் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஆண்டனி கைதானது தெரிந்ததும் பிரசன்னாவிடம் கேட்டேன். நான் போன பிறகு சாய்குமார் வேனோடு வந்ததாகவும், தான் வேனின் நம்பர் பிளேட்டைப் படமெடுத்துவிட்டு, சோதனைக் குழலைத் தன்னுடைய புதுக் காரில் செருகிச் சான்றிதழ் கொடுத்ததாகவும் சொன்னான். வண்டியைச் சரிசெய்தாயிற்று, சான்றிதழைப் பார் என்று சாய்குமார் ஆண்டனியை நம்பவைத்ததையும் அவன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

"மெஷின் தப்பா காட்டிடுச்சுன்னு சொல்லிடு அக்கா, கதம், அதோட முடிஞ்சுது. கைக்கு, எதுக்கு இதை இழுக்கற?" என்றான்.

"காலையில நான்தானேடா செக் பண்ணேன்."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்."

"ஆண்டனி?"

"டிரைவருக்கெல்லாம் சீக்கிரம் பெயில் கிடைச்சிடும். என்னை உள்ள வெச்சா அம்மா தாங்குவாளா?"

அம்மா அடுத்த அறையில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தார். "அவனுக்கு முதல்ல சோத்தைப் போடு" என்றார். போட்டேன். நான் சாப்பிடவில்லை.

இன்று காவல் நிலையத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. விசாரணைக்கு வரச் சொன்னதால் வந்ததாக எழுதிக்கொள்ளலாம், வீட்டில் சங்கடம் இருக்காது என்று எஸ்.ஐ. உமேஷ் சொன்னார். வேண்டாம், நானே வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். நீதிமன்றத்தில் பிரசன்னாவை எதிரில் வைத்துக்கொண்டும் இதையே சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். அம்மாவுக்கும் அவனுக்கும் இது இன்னும் தெரியாது.

எழுதியதை எஸ்.ஐ. முன்னிலையில் உரக்கப் படித்துப் பார்த்தேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் எழுதிய இவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
ரா. அனுபமா