காலிக் குழாயில் எழும்பிய கோடு

— கையெழுத்துப் போடுன்னா போட வேண்டியதுதானே மச்சான்! பதினோரு மணிக்கு மேடை. விருதுக் குழு இந்த ஒத்தைத் தாளுக்காகக் காத்துட்டிருக்கு.

— படிச்சீங்களா அத்தான்? ‘காலிக் குழாயை அளந்தேன், எந்த சிக்னலும் வரவில்லை’ன்னு இருக்கு. வருதே! காலையில நானே மெஷின்ல போட்டுப் பாத்தேன். திரையில கோடு கொடிக்கம்பம் மாதிரி நிக்குது.

— லேபுல அத்தான்னு கூப்பிடாதே. புரொபசர்னு சொல்லு. குழாயைச் சரியாக் கழுவியிருக்க மாட்டே. என் படிகப் பொடி ஒட்டியிருக்கும்.

— பொடியையே பாக்காத குழாய், புரொபசர். மத்த குழாய்ங்களோட சேர்ந்து கதிருக்குப் போயிட்டு வந்த உதிரி.

— அப்ப மெஷின் கோளாறு.

— கதிர் படாத புதுக் குழாயைப் போட்டா கப்சிப்னு இருக்கு. நாமதான் பொடியைக் குழாயில போட்டு, குழாயோடயே காமா கதிர்ல வச்சோம். இது புரொபசரோட பொடி, இது வெறும் குவார்ட்ஸ் குழாய்னு கதிருக்கு மரியாதை தெரியுமா? ரெண்டையும் சாத்தியிருக்கு. எலெக்ட்ரான் ஜோடியில்லாம தனியா நிக்கிற பழுது குழாய்லயும் விழுந்திருக்கு. அதைத்தான் மூணு வருஷமா உங்க படிகத்துல கண்டுபிடிச்சதா ஊதிட்டிருக்கோம்.

— பழுது, கிழுதுன்னு சொல்லாதே. அதுக்கு என் பேரை வைக்கப் போறாங்க.

— தாராளமா வைக்கட்டும். குழாய்க்கு வைக்கட்டும்.

— திமிரா?

— குமட்டல். வாசல் பேனர்ல உங்க மூக்கு மட்டும் ஆள் உயரம். கீழ, ‘அணுவின் தனிமையைக் கேட்ட செவி’. யார் எழுதினது?

— நான்தான். உங்க அக்கா ரொம்ப ரசிச்சா.

— அக்கா சிரிச்சா. உங்களுக்கு அது ரசனையாத் தெரிஞ்சிருக்கு.

— என்னைப் பாத்தா உனக்குக் குமட்டுதாக்கும்!

— உங்களை மட்டும் பாத்துன்னா வாயைக் கொப்பளிச்சுட்டுப் போயிருப்பேன்.

— நான் சொல்றதைக் கேளு. முன்னாடி இங்க இருந்த அந்த ஆராய்ச்சி மாணவியும் இதே பாட்டைத்தான் பாடினா, ‘சார், காலிக் குழாய்லயும் வருது’ன்னு. பொய் அளவீடுன்னு எழுதி வெளிய அனுப்பினேன்.

— அந்தப் பொண்ணு இப்ப ஒரு டியூஷன் சென்டர்ல இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு வட துருவம், தென் துருவம் சொல்லிக் குடுத்துட்டு.

— அதுக்கு நான் என்ன பண்ண? கண்ணை மூடிட்டா அனுப்பினேன்? அளக்கறப்ப அவ பக்கத்துல நின்ன உன்னை என் ரூமுக்குக் கூப்பிட்டு, அவ முன்னாடியே கேட்டேன். ‘ஒண்ணும் வரலை’ன்னே. அவளை விட்டுட்டு உன்னை நம்பினேன். அன்னிக்கு வராதது இன்னிக்கு மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு?

— தாளைக் குடுங்க, போடறேன். ஒரு வரி மட்டும் சேத்துக்கறேன்.

— என்ன வரி?

— அன்னிக்கும் வந்துச்சுன்னு. திரையில அந்தப் பொண்ணும் நானும் சேந்துதான் பாத்தோம். வேலைக்குச் சேந்து பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு அத்தான். மெஷின்லேருந்து உங்க ரூமுக்கு நடந்து வர்றதுக்குள்ள ‘வரலை’ன்னு ஆக்கிட்டேன்.