கழுத்துக்கு ரப்பர் போதும்

இல்ல பிள்ளே, நீ அந்த கூரியர் ஃபாரத்த அங்க வையி. ஒத்த வரியில எழுதுத காரியமில்ல இது. பொருள் சரியில்லன்னு மட்டும் எழுதினா கொச்சியில இருக்க கடைக்காரன் நம்புவானா? தேவகுமாருன்னா புதுக்கடை சந்தையில எவன வேணும்னாலும் கேளு, முப்பது வருசமா ரப்பர் ஷீட்டு வாங்கி விக்கியேன். ரப்பரப் பத்தி எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட எனக்கே மோசமான ரப்பர அனுப்பியிருக்கான் பாரேன்.

பெட்டியத் தொறந்தாத்தான் உனக்கு வெளங்கும். இதாக்கும் சாதனம். இல்ல மக்களே, மண்ணெண்ண ஊத்துத புனலு இல்ல. கழுத்து ஸீலு. எனக்க மருமவன் டிஜோவுக்கு உள்ளது. அவன் நார்வேல டைவராக்கும். அங்க கடலுக்குள்ள வலைக்கூடு கட்டி மீன் வளக்கியாவ. இவன் அடியில முங்கிப் பெய் வலையில ஓட்ட உண்டான்னு பாத்துத் தைக்கணும். கடல் வெள்ளம் ஐஸ் கட்டிக்குத் தம்பியாக்கும். அதனால காலுலருந்து கழுத்து வரைக்கும் ஒரே உடுப்பு, டிரை சூட்டுன்னு பேரு. உள்ள ஒரு சொட்டு வெள்ளம் கேறப்பிடாது. அதுக்குத்தான் கழுத்துலயும் ரெண்டு மணிக்கட்டுலயும் இந்த ரப்பர். தோலோட ஒட்டிப் பிடிக்கும். இது கீறிச்சுன்னா வெள்ளம் உள்ள கேறும், ஆளு வெறச்சுப் போவான். வாற ஞாயிறு அவனுக்கு பிளைட்டு. இன்னைக்கு செவ்வா. நீயே எண்ணிக்க.

நல்ல பயதான் கேட்டியா. முதல்ல எனக்குப் பிடிக்கல்ல, அத மறைக்க மாட்டேன். கடப்புறத்துக்காரன், சின்னதுலயே பாறையில சிப்பி எடுக்க முங்கினவன். கரையில மரமும் நெலமும் உள்ளவன் கடல நம்பிப் பொண்ணு குடுப்பானா? ரெண்டு வருசம் முடியாதுன்னு நின்னேன். எனக்க மவ ஜிஷா அதுக்கு மேல நின்னா. இவளுக்கு இந்தப் பிடிவாதம் எங்கேருந்து வந்துதுன்னு எனக்க பொண்டாட்டி என்னயப் பாத்துக் கேப்பா. அது வேற கதை.

எங்க விட்டேன்... ஆங், ஸீலு. அவனுக்க சூட்டுல பழசெல்லாம் தேஞ்சு போச்சு. முன்ன மாரி பசை போட்டு ஒட்ட வேண்டாமாம். வளையம் வந்திருக்கு, டிபன் பாக்ஸ் மூடிய அமுக்குத மாரி அமுக்கினா மாட்டிக்கிடும், கீறினா படகுல இருந்தே மாத்திக்கிடலாம். சரி, நல்ல ஏற்பாடு. எதுல வாங்குததுன்னு வந்தப்பதான் சண்டை. சிலிக்கோனு போதும் மாமா, மெதுவா இருக்கும், கழுத்து அரிக்காதுங்கியான். சிலிக்கோனாம். எனக்கு வயிறு எரிஞ்சுது பிள்ளே. மாமனாருக்கு அஞ்சு ஏக்கர் ரப்பர் நிக்குது, மருமவன் கழுத்துல சிலிக்கோனா? நான் பறஞ்சேன், "மக்களே, கழுத்துக்கு ரப்பர் போதும். லேடெக்ஸ்னா என்ன, நம்ம மரத்துப் பாலாக்கும்." பய சரி மாமான்னு லேடெக்ஸே ஆர்டர் போட்டான்.

பின்ன கையுறைக்கு ஒரு நாள் பூரா பேச்சு. அதுவும் அந்த மணிக்கட்டு வளையத்துலதான் மாட்டும். அவன் சின்னதுல வள்ளம் தள்ளி, கயிறு இழுத்து, மணிக்கட்டுல நரம்பு கம்பி மாரி எந்திச்சு நிக்கும். கைய முறுக்கிப் பிடிச்சா நரம்புக்கு இடையில வெள்ளம் கேறுமாம். இந்த உறை இருந்தா கையே நனையாது. நல்லா தடிச்சது எடு, கீறாதுன்னேன். தடிச்சதப் போட்டா வலைக்க நூலப் பிடிக்க முடியாது மாமாங்கியான். சரி, உள்ள ஒரு கம்பளி உறையும் போடணும்லா, அப்பம் ஒரு சைஸ் கூடுதலா எடு, ஜிஷாவுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் நான் அப்படித்தான் எடுப்பேன்னேன். அது அச்சா வந்துது கேட்டியா. கையுறையப் பத்தி ஒண்ணும் எழுதிராத, அதுல எனக்குக் கொறை இல்ல.

பின்னால நிக்க அண்ணாச்சி, செத்த பொறுத்துக்கிடும். கல்யாணக் கார்டுதானே அனுப்பப் போறீரு, அது ஓடிராது.

பார்சல் வந்துது. கழுத்துல போட்டுப் பாத்தான், இறுக்கம். புதுசுன்னா இறுக்கமாத்தான் இருக்கும். இதுல வட்டம் வட்டமா கோடு கெடக்கு பாரு, கழுத்துக்குத் தக்கன அதுல ஒண்ண வெட்டிக் களையணுமாம். நான் விடுவேனா? நல்ல ரப்பர யாரும் வெட்டுவாளா, பதம் பண்ணணும். கழிஞ்ச ஞாயிறு அவனும் ஜிஷாவும் பூசைக்குப் பெய், அப்படியே அவனுக்க வீட்டுக்கும் போயிருந்தாவ. நான் இத எடுத்து, நம்ம தேங்காய ஆட்டின எண்ணெ, கலப்படம் ஒரு துளி கெடையாது, உள்ளயும் வெளியயும் தேச்சேன். தேச்சு, ஷீட்டு உணக்குத கயித்துல தொங்கப் போட்டேன். உச்சி வெயிலு, ரெண்டு மணி நேரம். எடுத்துப் பாத்தா எவ்வளவு மெதுவா இருந்துதுங்கிய... தொடச்சுப் பழையபடி கவருக்குள்ள வச்சிட்டேன். அவங்கிட்ட பறையல்ல. ஒரு உபகாரம் பண்ணினா அதப் பறஞ்சு காட்டணுமா?

நேத்தைக்கு எங்க வீட்டுக்குப் பின்னால குளத்துல டெஸ்டு. இந்த வெயிலுல அந்த உடுப்பப் போட்டுட்டு நடந்து வாறான், அக்கம்பக்கத்து ஆளு பூரா கரையில. முங்கினான். தலைய இப்படித் திருப்பினான், அவ்வளவுதான். செவிக்குக் கீழருந்து தோள் வரைக்கும் கீறிட்டு. உடுப்புக்குள்ள வெள்ளம் கேறி, நாலு பேரு பிடிச்சு இழுத்தாக்கும் கரையேத்தினோம். எனக்க மவ அழுதா பிள்ளே. குளத்துல நெஞ்சளவு வெள்ளம்தான், அவ அதுக்கு அழல்ல. நார்வேய நெனச்சு அழுதா.

எப்படிக் கீறிச்சுன்னு அவ கேக்கா. அவன் அதக் கழத்தி மோந்து பாத்தான். என்னய ஒரு பார்வ பாத்தான். "கம்பெனி சரக்கு மோசம் மாமா. விடுங்க, வேற வாங்கிக்கிடலாம்"னான். பாத்தியா, மோந்தே கண்டுபிடிச்சிட்டான். அப்பம் கம்ப்ளைன்ட் குடு மக்களேன்னா, வேண்டாம்ங்கியான். திருப்பி அனுப்பவும் வேண்டாமாம். கடலுக்குப் பயமில்ல, கடைக்காரனுக்குப் பயம். அதான் அவனுக்குத் தெரியாம நானே எடுத்துட்டு வந்தேன்.

என்ன பிள்ளே? அது என்ன பேப்பரு, பெட்டிக்குள்ள கெடந்துதா? கொண்டா... கண்ணாடி எடுத்துட்டு வரல்ல, படம்னா தெரியும். இது சூரியன். குறுக்க கோடு. சரி, வெயில்ல வைக்கப்பிடாது போல. இது... குப்பி. சொட்டு விழுது. எண்ணெக் குப்பியா? அதுலயும் கோடு.

ஓ.

இல்ல, ஒண்ணுமில்ல. நீ எழுதாத. செத்த நில்லு... ஷீட்டுன்னா வெயில்ல போடாம பின்ன எப்படி உணக்குவா? முப்பது வருசம் ஷீட்டு உணக்கின கையாக்கும் இது... இது ஷீட்டு இல்லல்லா. ஆமா, இது ஷீட்டு இல்ல. இங்க மோந்து பாரு பிள்ளே. சும்மா பாரு. தேங்காயெண்ண மணம்தானே?

செத்த இரு, ஒரு போன்.

மக்களே டிஜோ, மாமாவாக்கும். ஒண்ணு கேக்கணும், கள்ளம் பறையப்பிடாது. நேத்தைக்கு மோந்து பாத்தேல்லா... உனக்கு அப்பவே தெரிஞ்சுதுல்லா? ... ம். ... பின்ன ஏன் மக்களே பறையல்ல? ... ம். ... சரி. சரி மக்களே. நீ கொச்சிக் கடைக்கு விளிச்சு சிலிக்கோனு எடுத்து வைக்கச் சொல்லு. கழுத்தும் மணிக்கட்டும், ரெண்டு ரெண்டு செட்டு. பார்சல் வேண்டாம், ஞாயிறுக்குள்ள வந்து சேராது. நான் இன்னைக்கே ரயிலுல பெய் எடுத்துட்டு வாறேன். ... இல்ல, நான்தான் போவேன். நீ ஒண்ணும் பறையாத.

நேத்தைக்கு ஜிஷா பக்கத்துல நின்னாளாம் பிள்ளே. அவளுக்க முன்ன வச்சு எப்படி மாமா சொல்லுததுன்னு கேக்கான். ரெண்டு வருசம் இவனுக்குப் பொண்ணு தர மாட்டேன்னு நின்னவனாக்கும் நான். நாணமா இருக்கு.

பெட்டிய இஞ்ச தா, நான் கொண்டு போறேன். அண்ணாச்சி, நீரு முன்ன வாரும். குழித்துறை ரயில் ஸ்டேஷனுக்கு பஸ் இப்பம் உண்டுமா? பஸ்ஸுல இருந்து ஜிஷாவுக்கு விளிச்சு, எண்ணெ தேச்சது அப்பன்தான்னு நானே பறையணும். அவன் பறைய மாட்டான்.