மார்ச் வரை பொறுத்துக்கொள்

அன்று காலை கிரிசெல்டா என்னிடம் கேட்டது, தக்காளி வாங்கி வரவேண்டுமா, இருப்பதே போதுமா என்பதுதான். போதும் என்றேன். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உனக்கு எதுதான் போதாது?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருபதாண்டுத் தாம்பத்தியத்தின் கடைசி வாக்குவாதம் அது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

நான் உளப்பகுப்பாய்வாளன். புவெனஸ் ஐரிஸில் இது ஒரு தொழில் அல்ல, ஒரு ஜாதி. இறைச்சிக் கடைக்காரரும் நீதிபதியும் வாரம் தவறாமல் எங்கள் திவான் கட்டில்களில் படுத்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். பல் வலி என்றால்கூட முதலில் தாயைப் பற்றி விசாரித்துவிட்டு அப்புறம்தான் பல்லைப் பார்ப்போம். பள்ளியில் புவியியல் நடத்திய என் மனைவிக்கும் ஒரு பகுப்பாய்வாளர் இருந்தார், எர்சிலியா. கணவன் மனைவிக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதி.

அவளுடைய தாய் குளிர்காலத்தில் இறந்தார். கோடை வந்ததும் கிரிசெல்டாவுக்கு முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு வலி தொடங்கியது. சில நாள் அது தாடைக்கு ஏறும். படியேறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். எனக்கு அது பளிங்கு போலத் தெரிந்தது. முதுகில் சுமப்பது தாயை. தாடையில் கடித்து வைத்திருப்பது தாயிடம் சொல்லாத சொற்களை. தாய் வாழ்ந்தது நான்காம் மாடி, ஆகவே படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி ஒவிதியோ வீட்டு மொட்டைமாடியில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது இதை விளக்கினேன். ஒவிதியோ டாக்ஸி ஓட்டுகிறவன்.

"அப்ப லிஃப்ட்ல போனா எங்கம்மா ஞாபகம் வராதா மச்சான்?" என்றான்.

"லிஃப்ட்ல கண்ணாடி இருக்கு. அதுல அவ தன்னைத்தானே பார்க்கிறா" என்றேன்.

மேசையில் எல்லோரும் கைதட்டினார்கள். கிரிசெல்டாவும் சிரித்தாள், ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு.

"நல்லாப் பேசுற மச்சான். இருந்தாலும் ஒரு ஈசிஜி எடுத்துப் பாரேன்க்கா. இஞ்சின்ல சத்தம் வந்தா நான் வண்டியோட அம்மாவையா விசாரிக்கிறேன்?" என்றான் ஒவிதியோ.

மனம் உடலை வலிக்க வைக்கும் என்பது பொய் அல்ல. கை மரத்துப்போய்ப் பேனா பிடிக்க முடியாமல் வந்த ஒரு பெண்ணை நான் பேசிப் பேசியே எழுத வைத்தேன். நரம்பு மருத்துவர்கள் எல்லாச் சோதனையும் செய்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகே அவள் என்னிடம் வந்தாள். இந்த வரிசை முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பிப்ரவரியில், கோடை உச்சத்தில், எங்கள் ஊரில் பகுப்பாய்வாளர்கள் இருக்க மாட்டார்கள். எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவோம். நகரம் முழுவதும் தன் துயரங்களை மடித்து வைத்துக்கொண்டு மார்ச்சுக்குக் காத்திருக்கும். எர்சிலியாவும் போய்விட்டார். அந்த ஆண்டு நான் மட்டும் போகவில்லை. மே மாதம் மாநாட்டில் படிக்க ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். துக்கத்தை முதுகில் சுமக்கும் 'திருமதி கி.' பற்றிய கட்டுரை. நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது.

ஒவிதியோ சொன்னது மனதில் தைத்ததோ என்னவோ, கிரிசெல்டா இதய மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் தொலைபேசியில் அதை நான் ரத்து செய்தேன். அவரும் கடற்கரைக்குப் போய்விட்டாராம் என்று அவளிடம் சொன்னேன். பிப்ரவரியில் இதை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை.

"மார்ச் வரைக்கும் பொறுத்துக்கோ. எர்சிலியா வரட்டும், முதல்ல அவங்ககிட்ட பேசு" என்றேன்.

"அதுவரைக்கும் முதுகு பொறுக்குமான்னு அதைக் கேளு" என்றாள்.

என் நிலையையும் யோசித்துப் பாருங்கள். ஒரு ஈசிஜி தாளில் ஒரு கோடு கோணலாக விழுந்தால், திருமதி கி. வெறும் இதய நோயாளி ஆகிவிடுவாள். அப்படிப்பட்டவர்கள் எல்லா மருத்துவமனை வராந்தாவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் மாநாட்டில் பேசுவதில்லை.

அன்று தக்காளியோடு திரும்பி வந்தவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. வெயில் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். நினைக்கவில்லை.

"அபெலார்தோ, ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். "இப்ப மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டேன்.

"மனசுல ஒண்ணும் ஓடல. வலிக்குதுடா." பிறகு, "போனைக் குடு, நானே பண்றேன்" என்று கையை நீட்டினாள்.

தொலைபேசி என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதன்மேல் கை வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் மௌனம் ஒரு கருவி. நோயாளி தானாகச் சொல்லுக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். நீட்டிய கை சற்று நேரம் அப்படியே இருந்தது, பிறகு மடியில் விழுந்தது. ஏதோ ஒரு பெரிய மனத்தடை உடையப் போகிறது என்று எனக்குப் பட்டது. உண்மையில் எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது.

ஆம்புலன்ஸ் பிறகு வந்தது. நான்தான் அழைத்தேன், அழைக்க அவசரம் எதுவும் இல்லாமல் போன பிறகு. மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்த இளம் மருத்துவர் என் தோளைத் தட்டி, "இதுக்கெல்லாம் முன்கூட்டியே அறிகுறியா தெரியும் சார்?" என்றார். அவருடைய ஆறுதலுக்கு நன்றி சொன்னேன்.

அடக்கத்தன்று ஒவிதியோ என்னைத் தனியே கூட்டிப் போனான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மச்சான். அக்கா ஆம்புலன்ஸ் கேட்டாளா?"

"பேசுற நிலைமையில இல்லடா" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். "நீயாவது பக்கத்துல இருந்தியே" என்றான். அதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன்.

அவள் கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். நான் கொடுக்கவில்லை. என்னை விசாரிக்க யாரும் வராததால் இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவன் குற்ற உணர்வோடு இருக்கிறான் என்றால், அவன் குற்றம் செய்திருப்பான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எர்சிலியா மார்ச்சில் திரும்பி வந்து, என்னைத் தன் திவானில் படுக்கச் சொல்லி, "உங்களை நீங்களே தண்டிச்சுக்காதீங்க" என்றார்.

மே மாதம் கட்டுரையைப் படித்தேன். அரங்கில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திருத்தலாமா என்று முதல் நாள் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். தேவைப்படவில்லை. ஜனவரியிலேயே, அவள் இருந்தபோது, எழுதிவிட்ட கடைசி வரி இன்றும் அப்படியேதான் இருக்கிறது: திருமதி கி.-க்கு இப்போது வலி இல்லை.