திருப்பிச் சொல்லும் வாலு

அம்மா: வாயை மூடு. நான் முடிச்சதும்தான் நீ. டீச்சர் என்ன சொல்லி அனுப்பினாங்க?

வாலு: ஒருத்தர் பேசும்போது மத்தவங்க குறுக்க பேசக்கூடாது. முடிஞ்சதும் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும்.

அம்மா: அதை தினமும் வீட்டுல பழக்கணுமாம். எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு! காலையிலேர்ந்து ஆபீஸ் போன்ல கண்டவன் புகாரையெல்லாம் கேட்டுக் கேட்டு காதே புண்ணாயிருக்கு. வீட்டுக்கு வந்தா இங்கேயும்...

வாலு: அப்பா, அம்மாவுக்குக் காது வலிக்குதாம்.

அம்மா: பாத்தியா, பாத்தியா! இதைத்தான் டீச்சர் சொன்னாங்க. நான் சொன்னா அவருக்குக் கேக்காதா? நடுவுல நீ என்ன மைக் செட்டா?

அப்பா: விடும்மா... குழந்தை.

அம்மா: குழந்தையா? வாயாடி. ஏண்டி, இந்தப் பைக்குள்ள டிபன் டப்பாவை எங்கடி புதைச்சு வச்சிருக்க?... கேளுங்க, டீச்சர் ஒண்ணு சொன்னா இவ பக்கத்துப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து அதையே சத்தமா சொல்றாளாம். அவங்க கிண்டல் பண்றான்னு நெனச்சுட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து தனி பெஞ்சாம்.

வாலு: நான் கிண்டல் பண்ணல... அதுவா வருது.

அப்பா: சரி, சரி.

அம்மா: என்ன சரி? உங்க பொண்ணைத் தனியா உக்கார வைக்கப்போறாங்கன்னு சொல்றேன், சரிங்கறீங்க! இந்த வீட்டுல எதுக்கெடுத்தாலும் சரி. சுவத்துக்கிட்ட பேசினாலாவது எதிரொலி வரும்.

அப்பா: இல்லம்மா... இன்னிக்குப் பட்டறையில நிறைய தகடு. அலுப்பா இருக்கு.

அம்மா: எனக்கு மட்டும் இல்லையா? நான் என்ன இரும்பா?... சரி, வாலு. நானும் அப்பாவும் செஞ்சு காட்டுறோம். நீ பாத்துக் கத்துக்கோ. வாயைக் கையால பொத்து. இன்னும் நல்லா.

வாலு: ம்.

அம்மா: பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்றேன், அது பாட்டுக்கு வேலை முடியும். என்னங்க, நாளைக்கு மாடித் தொட்டி கழுவுறாங்களாம். தண்ணி வராது. இருக்கிற வாளியெல்லாம் இப்பவே நிரப்பி வச்சுடணும். ம்... இப்ப திருப்பிச் சொல்லுங்க.

வாலு: ம்ம்! ம்ம்ம்!

அம்மா: கையை எடுக்காத! அவர் சொல்லட்டும்... என்னங்க?

அப்பா: ...

அம்மா: உங்களைத்தாங்க. இந்தப் பக்கம் பாருங்க!

அப்பா: ஆங்... சரிம்மா.

அம்மா: சரியில்ல! நான் என்ன சொன்னேன்?

அப்பா: ஏதோ யோசனையில இருந்துட்டேன்.

அம்மா: யோசனை! புள்ளைக்காக ஒரே ஒரு வாட்டி காது கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? அப்பனே இந்த லட்சணத்துல இருந்தா அவ யாரைப் பாத்துக் கத்துக்குவா? நாளைக்கு நான் இல்லாம இவளை வச்சுக்கிட்டு நீங்க எப்படித்தான்... விடுங்க. எனக்கு முடியல.

வாலு: அம்மா, தப்பு உன்மேலதான்! முதுகைக் காட்டிக்கிட்டு, குழாயையும் திறந்துவிட்டுட்டு சொன்னா அப்பாவுக்கு எப்படி...

அப்பா: வாலு!

அம்மா: எப்படி? என்ன எப்படி?

வாலு: ஒண்ணுமில்ல.

அம்மா: அங்க என்ன பார்வை? என்னைப் பாத்துச் சொல்லு.

வாலு: சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்.

அம்மா: சத்தியமா? யாருக்குடி?

அப்பா: அவளை மிரட்டாதம்மா. நான் சொல்றேன்... எனக்குக் காது போச்சு.

அம்மா: என்னது?

அப்பா: தகடு அடிக்கிற சத்தத்துல... கொஞ்சம் கொஞ்சமா. வாயசைவைப் பாத்தா பிடிபடுது. பாக்கலைன்னா இரைச்சல்தான். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மெஷின்ல நிக்க விடமாட்டான். நீயே ஓடாத் தேயுற... உன் தலையில இதையும் ஏத்தணுமான்னு...

வாலு: அதான் நீ சொல்றதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லிடுவேன். அப்பா பக்கம் திரும்பி, வாயை நல்லா திறந்து. பழகிப்போச்சும்மா... பள்ளிக்கூடத்துலயும் அப்படியே வந்துடுது.

அம்மா: அப்போ... நான் பேசினதெல்லாம் நீ சொல்லித்தான் அவருக்குத் தெரியுமா?

வாலு: ஆமா. ஒண்ணுவிடாம சொல்லிடுவேன்.

அம்மா: நீ தூங்கினதுக்கப்புறம்?

வாலு: அப்ப யார் சொல்றது? நான் தூங்கினப்புறம் நீங்க ஒண்ணும் பேசிக்க மாட்டீங்கல்ல?

அப்பா: ஏம்மா... ஏன் அழுற? வாலு, அம்மா என்ன சொன்னா? எனக்குச் சரியாத் தெரியல.

வாலு: அப்பா, அம்மா வந்து...

அம்மா: நீ சொல்லாதடி. இதை நானே சொல்லிக்கிறேன்... இங்க பாருங்க. என் மூஞ்சியைப் பாருங்க. போன வாரம் லைட்டை அணைச்சுட்டு, பக்கத்துல படுத்துக்கிட்டு உங்களைக் கேட்டேன். "நான் எங்க அக்கா வீட்டுக்கே போயிடறேன், வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்"னு. நீங்க வாயே திறக்கல... துணியெல்லாம் அடுக்கிட்டேன். பெட்டி கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு.