வெட்டிய பாதையும் வைத்தியர் இல்லாத வாசலும்

அளவற்ற அருளாளனின் திருநாமம் போற்றித் தொடங்குகிறேன். அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, பள்ளிவாசல் மரைக்காயர்மாரே, சேற்றில் இறங்கிச் சோறு தரும் பெரியோர்களே, வெயிலைப் பொருட்படுத்தாது வந்தமர்ந்த தாய்மார்களே, கல்முனையிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்.

இந்த வைத்தியசாலையின் புது வாசல் வளைவைத் திறக்கும் விழாவில் வாழ்த்திப் பேசுமாறு, விவசாய சங்கத்துக்காரனான என்னை அழைத்தீர்கள். வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. வளைவு வந்தது, வண்ணம் வந்தது, வைத்தியர் வந்தாரா?

"கிழமைக்கு ஒருக்கா வாறார்தானே" என்கிறார் அங்கே ஒருவர். ஓம் காக்கா, திங்கட்கிழமை வருகிறார். ஸுஹைறாவைப் பாம்பு கடித்தது வியாழக்கிழமை!

நம் காலிதீனின் மனைவி ஸுஹைறா, வயலில் புல்லுப் பிடுங்கும்போது கடிபட்டாள். இதே வாசலுக்குத்தான் தூக்கி வந்தோம். "டொக்டர் இல்லாம மருந்து ஏத்த ஏலாது, கல்முனைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லித் தாதியும் அழுதார். ஓட்டோவில் ஏற்றினோம். பாதி வழியில் பாதை இல்லை.

அன்று காலிதீனின் தண்ணீர் முறை. வட்டை வயல்களுக்கெல்லாம் நீர் பங்கிடும் வட்டை விதானை சின்னப்போடி முறை தந்தால், காலையில் பாதையை வெட்டி மறுபக்க வயலுக்கு நீர் விடுவோம். பொழுது சாய மூடுவோம். நம் வட்டையில் வெட்டாதவர் யார்? அன்று வெட்டிய மண்வெட்டி காலிதீனுடையது.

"யா அல்லாஹ், நான் வெட்டின வெட்டுத்தானே!" என்று கதறியபடி அவளைத் தோளில் சுமந்து அந்தத் தண்ணீரைக் கடந்தான். மறுகரையில் வேறு வண்டி வரும்வரை வரம்பில் கிடத்தியிருந்தோம். "புள்ளைக்கிச் சோறு குடுங்க" என்றாள். பிறகு கதைக்கவில்லை. கல்முனை சேருமுன் மூச்சடங்கியது.

பாதையை ஏன் வெட்டினான் என்று ஊர் அவனைக் கேட்கிறது. நான் கேட்கிறேன்: இங்கே வைத்தியர் இருந்திருந்தால் ஸுஹைறா அந்தப் பாதையில் ஏன் போக வேண்டும்?

ஆட்கள் குறைந்த பகுதி என்பதால் நிரந்தர வைத்தியர் தர மாட்டார்களாம்! ஆட்கள் குறைந்தால் உயிரின் அருமையும் குறையுமா? குடித்தொகை பார்த்தா பாம்பு கடிக்கிறது? கை தட்டாதீர்கள் தம்பிமாரே, இது கை தட்டும் கதையல்ல.

தலைவர் அவர்களே, தாயைப் பாம்பு கடித்த வயலில் இப்போது புல்லுப் பிடுங்குபவள் மகள் ஆகிலா. இந்த நேரமும் அங்கேதான் நிற்கிறாள். இந்த நேரமும் இங்கே வைத்தியர் இல்லை. அவளையும் நாங்கள் தோளில் சுமக்கும்படி விட்டுவிடாதீர்கள்!

கசப்பைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இறைவனின் அருள் எல்லா வீட்டுக்கும் கிட்டட்டும். வஸ்ஸலாம்.