கடைக்கு நடுவுல மாடிப்படி

...வாடகைக்கு வந்து ஓடிப்போனவங்க எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடிட்டுப் போனாங்க தம்பி, ‘எடம் சரியில்ல’ன்னு! எடத்துக்கு என்ன கொறை? சுவத்தைத் தட்டிப் பாருங்க. சும்மா தட்டுங்க. எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு கட்டினது. ஆங்... அதுவா? அது மேல எங்க வீட்டுக்குப் போற படி. கடைக்கு நடுவுலதான் ஏறும். அவரு இருந்தவரைக்கும் கீழ எங்க பாத்திரக்கடை, மேல வீடு. தெருவுக்குப் போய் ஏறுவானேன்னு உள்ளயே வச்சிட்டாரு. இதுல என்ன தப்பு?

அவர் போனப்புறம் மொதல்ல வந்தது போட்டோக்காரர். பெரிய மேதை! ஒரு பொண்ணு படம் எடுக்க ஒக்காந்திருக்கு, நான் கூடையோட எறங்குறேன். ‘ஏம்மா, அழுதுட்டு வந்தியா?’ன்னேன். அக்கறைதானே? அது அப்பத்தான் அழவே ஆரம்பிச்சுது. அதுக்கு நானா பொறுப்பு? இதுல, எல்லார் படத்துலயும் நான் விழுந்துடறேனாம்! விழுந்தா என்ன, கூலியா கேட்டேன்?

அடுத்தது பல் டாக்டர். ரொம்பப் படிச்சவரு, அதனால பேச்சு கம்மி. ஒருத்தர் வாயைத் தொறந்துட்டுக் கெடக்காரு, பாவம், பேச்சுத்தொணைக்கு ஆளில்ல. படில ஒக்காந்து என் கடவாப்பல்லு கதையைச் சொன்னேன். ஊசி போட்டும் உயிர் போச்சுன்னு... உள்ளதைத்தானே சொன்னேன்? மனுஷன் கழுத்துத் துண்டோட எந்திரிச்சு ஓடிட்டாரு!

அப்புறம் ஜிம்மு. சுத்திலும் கண்ணாடி. ஆணியெல்லாம் இன்னும் இருக்கு பாருங்க. தெனம் வர்ற ஒரு அம்மாகிட்ட, ‘ஒண்ணும் கொறைஞ்ச மாதிரி தெரியலையே’ன்னேன். அந்தக் கண்ணாடியும் அதையேதான் சொல்லிட்டிருந்துது! கண்ணாடிய யாரும் கோவிச்சுக்கல. என்னத்தான் கோவிச்சுக்கிட்டாங்க.

இப்ப எம்பையன் கெடு வச்சிருக்கான். இந்த மாசமும் யாரும் வரலன்னா வித்துட்டு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவானாம். பன்னெண்டாவது மாடி! கதவைச் சாத்தினா பக்கத்து வீட்ல யாருன்னே தெரியாது. மருமக நல்லவதான், காதுல எதையாவது மாட்டிட்டே திரிவா. அங்க போனா நான் யார்கிட்ட வாயத் தொறப்பேன்? அதனால நீங்க மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க.

என்ன கேட்டீங்க? படியை வெளிப்பக்கமா வச்சிக்கலாமேவா? அடடா, என்னா கண்டுபிடிப்பு! பையன் கொத்தனாரையே கூட்டிட்டு வந்தான். அவரும் அளந்து பாத்துட்டு, சின்ன வேலைதான்னாரு. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்.

ஏனா? வெளியவே ஏறி வெளியவே எறங்கினா, நான் ஒரு நாள் எறங்கலன்னா யாரு தம்பி கவனிப்பா? அந்தப் பல் டாக்டர்... ஒரு தடவ காய்ச்சல்ல படுத்துட்டேன். மத்தியானம் மேல வந்து கதவைத் தட்டினாரு. ‘என்னம்மா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?’னாரு. நக்கலுக்குத்தான் கேட்டாரோ என்னமோ. வந்தாருல்ல?

அட, நீங்க என்ன கடை போடப்போறீங்கன்னு நான் கேக்கவே... தம்பி? எங்க கெளம்பிட்டீங்க? தெறந்து பாக்கக் குடுத்த சாவிய ஏன் படில வைக்கிறீங்க? போன்கூட அடிக்கலையே, யார்கிட்ட பேசிட்டே போறீங்க?

தம்பி! வெளிய... வெளியவே வச்சிக்கலாம் படிய! ஏறும்போது உள்ள தெரியுற மாதிரி ஒரு ஜன்னல் மட்டும் விடுங்க... சின்னதா இருந்தாப் போதும், தம்பி!